சிக்னலுக்குச் சம்பந்தம் பேசியவர்

ஓர் அலுமினிய ஏணிக்காக லைன்மேன் ஜான்ரோஸ் பதினொரு வருஷமாகக் காத்திருக்கிறார். வாங்கித் தரமாட்டேன் என்று முதலாளி முத்துநாயகம் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த ஏணி நல்ல ஏணி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். அதுவரைக்கும் ஜான்ரோஸ் மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்பை, போன் கம்பி ஓடுகிற தென்னையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்.

‘எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்’ என்கிற இனம் இது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்புக் கடையில் இடது காலை நுழைத்துக்கொண்டு, வலது காலுக்கு மச்சினனிடம் போனில் அபிப்பிராயம் கேட்பார்கள். கருங்கல் ஊர்ச் சந்தையில் நாலு கடையில் மரச்சீனிக்கிழங்கை முனை ஒடித்துப் பார்த்துவிட்டு, ஐந்தாவது கடைக்காரனிடம் ‘அந்த நாலு பேர்ல யாரு நல்லவன்?’ என்பார்கள். பல் வலித்தால் எந்த டாக்டர் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள், பல் தானாக விழுகிற வரைக்கும்.

அப்படிப்பட்டவர் கருங்கலில் ஒரு சின்ன டெலிபோன் கம்பெனி நடத்தினால் என்ன ஆகும்?

நாலாயிரம் வீட்டுக்கு இணைப்பு. பாதி வீட்டில் ஆண்பிள்ளை வளைகுடாவில். அங்கிருந்து ஒருவன் போன் போட்டால், பேச்சு வருவதற்கு முன்னால் ‘இன்ன நம்பர் எங்கே இருக்கிறது, மணி அடிக்கலாமா’ என்று ஒரு செய்தி ஓடிவந்து கேட்டுப்போக வேண்டும். அந்த ஓட்டத்துக்கு வழி போட்டுத் தருவதுதான் சிக்னல் கம்பெனியின் வேலை. வழி அடைத்தால் மணி அடிக்காது. வழியில் கள்ளன் புகுந்தால் உங்கள் பேங்கிலிருந்து வரும் ரகசிய எண் அவன் கைக்குப் போகும். ஆக, பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நியாயம். ஆனால், ‘நாங்கள் தொழிலை நிறுத்துகிறோம்’ என்று பழைய சிக்னல் கம்பெனி எழுதி எட்டு மாசம் ஆகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு நாலாயிரம் போனும் ஊமை. மறுநாள் வீடு வீடாக வசவு வாங்கப்போவது முதலாளியா? ஜான்ரோஸ். கம்பெனி மூடினால் வேலையும் போச்சு.

முத்துநாயகம் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே விசாரணை அதுதான். கொச்சிக்காரன், சென்னைக்காரன், பெங்களூர்க்காரன் என்று மூன்று கம்பெனிகள் வந்தன. கள்ளனை எப்படித் தடுப்போம், போலிச் செய்தியை எப்படிப் பிடிப்போம் என்று அவர்கள் அனுப்பிய நூறு நூறு பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஜான்ரோஸை இரணியலில் ரயிலேற்றி, கொச்சிக் கம்பெனிக்கு எதிர்த்த சாயாக்கடைக்கு அனுப்பினார்.

“என்ன மக்கா, ஆளுவ எப்படி?”

“குடி கிடையாது, சண்ட கிடையாது. ராத்திரி முழுக்க லைட்டு எரியுதாம்.”

“பாத்தியா? ராத்திரி உறங்காத குடும்பம். என்னமோ இருக்கு.”

“கள்ளன் வாரானான்னு காவல் இருக்காவ, அண்ணாச்சி.”

“அப்பம் கள்ளன் வருவான்னு அவனுக்கே பயம் இருக்குல்லா?”

சென்னைக்காரன் இருப்பது வாடகை மாடி. சொந்த வீடில்லாத இடம் வேண்டாம். பெங்களூர்க்காரன் ஏற்கெனவே ஒரு கம்பெனியோடு சேர்ந்து பிரிந்தவன், ரெண்டாந்தாரம். மிச்சம் கொச்சிக்காரன்தான், அவனுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜான்ரோஸின் செல்போன் அடித்தது. கொச்சிக்காரன். கண்ட கம்பெனியையும் உள்ளே விட்டால் கள்ளனுக்குத் தானே கதவு திறந்த மாதிரி ஆகுமாம். அதனால் அவனும் விசாரிக்கிறானாம்.

“சேட்டா, உங்க முதலாளி ஆளு எங்ஙனெ? வாக்கு மாறுவாரோ?”

ஜான்ரோஸுக்குத் தொண்டை வரைக்கும் என்னவெல்லாமோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினார்.

“ஒரு முடிவு எடுத்துட்டு, அதுல இருந்து அவரு மாறி நான் பாத்ததே இல்ல.”

பொய் உண்டா இதில்? ஒரு சொல் இல்லை.

நாலரைக்கு ஒப்பந்தத் தாள் வந்தது. எல்லா இணைப்பையும் கொச்சிக்காரன் தயாராக வைத்திருந்தான். கதவைத் திறக்கக் கையெழுத்து மட்டும் பாக்கி. முத்துநாயகம் பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். மணி நாலு ஐம்பது.

“இவ்வளவு சட்டுனு சம்மதிச்சிட்டானே, மக்கா. எதுக்கும் ஒரு வார்த்த...”

“இது கல்யாணம்னு யாரு சொன்னா, அண்ணாச்சி? வெறும் நிச்சயதாம்பூலம். முதல் மூணு மாசம் சோதனைன்னு தாள்லயே போட்டிருக்கு. வெத்தல மாத்தின பொறவு எத்தன சம்பந்தம் விலகியிருக்கு?”

முத்துநாயகத்தின் முகம் விரிந்தது. கல்யாணம் இல்லையென்றால் கையெழுத்துப் போட என்ன தடை? நாலு ஐம்பத்தேழுக்குப் போட்டார்.

ஐந்து ஐந்துக்கு, மீன் விற்கும் குளோரியின் வீட்டில் குவைத்திலிருந்து மணி அடித்தது. “பிரிட்ஜ் வாங்கியாச்சா, அம்மா?” என்றான் மகன். “எது நல்லதுன்னு கேட்டுட்டு இருக்கேன் மோனே, ரெண்டு வருஷமா” என்றாள் குளோரி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், சிரிப்பதற்கு முன்னால், இதற்குச் சிரிக்கலாமா என்று பக்கத்திலிருப்பவர் முகத்தை ஒருதரம் பார்த்தீர்களே, அது எதற்கு?

ஆபீசைப் பூட்டிவிட்டு வந்த முத்துநாயகம், ஜான்ரோஸின் காதருகே குனிந்தார்.

“நிச்சயம் முடிஞ்சது வெளிய தெரியாண்டாம், மக்கா. நாளைக்கு வெடியக்காலம் அந்தப் பெங்களூர்க்காரனையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்திரு.”