சன்னலோரத்து சர்வர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். உரக்கச் சொன்னால் வரதன் காதில் விழும். மனுஷன் இன்னும் மாமல்லபுரத்தில் இதே தெருவில்தான் இருக்கிறான்.

2005, மே மாசம். வரதனுக்கு நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் வேலை. கம்பெனி கழித்துக்கட்டிய பொட்டி ஒன்றை மடியில் வைத்து, பொண்ணு அழைச்சு வர்ற மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"சாதா கம்ப்யூட்டர் இல்ல. சர்வர்! நம்ம போட்டோ, பாட்டு எல்லாம் இதுக்குள்ள கெடக்கும். ஒயர் வுட்டா மேல் வூட்லயும் பாக்கலாம்."

"எங்க வெக்கப் போறீங்க?" என்றாள் பெண்சாதி ரெபேக்காள்.

"சன்னலாண்ட. சர்வருக்குக் காத்து வோணும்."

சன்னலோரத்தில் இருந்தது அவளுடைய தையல் மிஷின். அது உள் அறைக்குப் போனது. அங்கே பட்டப்பகலிலும் சிவப்பும் மெரூனும் ஒரே நிறம். வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினாலு ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருந்தாள். முதல் ஜாக்கெட்டிலேயே நூல் மாறிப்போய், பிரித்துத் தைத்தாள். ஆனாலும் சண்டை போடவில்லை. வரதன் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒயர் சன்னல் வழியாக வெளியேறி, மாடியில் குடியிருந்த ரிட்டையர்டு கோதண்டராமன் வீட்டுக்கு ஏறியது. ரெண்டு நாள் ராஜபோகம். மூணாம் நாள் மத்தியானம் மாடியிலிருந்து குரல்.

"வரதா! போச்சுப்பா!"

வரதன் பொட்டியை ஒரு தட்டு தட்டினான்.

"வந்துச்சுப்பா!"

பத்து நிமிஷம்.

"போச்சுப்பா!"

வரதன் ஆபீசுக்கு லீவு போட்டான். நோட்டு போட்டு நேரம் குறித்தான். காலையில் ஒழுங்காக ஓடுகிறது; பன்னிரண்டு மணிக்கு மேல் போகிறது, வருகிறது. ஒயரை மாற்றினான். ஒயர் சொருகுகிற நெட்வொர்க் கார்டை மாற்றினான். சாப்ட்வேரைத் துடைத்துப் புதுசாகப் போட்டான்.

"மத்தியானத்துல மட்டும் ஏன் போவுது தெரியுமா? அமெரிக்காக்காரன் நம்ம சர்வர்ல கை வெக்கறான்."

"அங்க அப்ப ராத்திரியாச்சேங்க. தூங்கறவன் எப்டி கை வெப்பான்?"

"உனுக்கு இன்னா தெரியும்?"

லீவு தீர்ந்தது. வரதன் வேலைக்குப் போன மறுநாள் மத்தியானம், ரெபேக்காள் சன்னலாண்டை நின்றாள். கடற்காற்று கிளம்பியது. வெளியே ஒயர் ஊஞ்சலாடியது. அது ஆட ஆட, பொட்டிக்குப் பின்னால் கார்டு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது.

அவள் கட்டை விரலால் கார்டை அமுக்கினாள்.

"வந்துச்சும்மா!" என்றார் மாடிக்காரர்.

விரலை எடுத்தாள்.

"போச்சும்மா!"

அமுக்கினாள். "வந்துச்சும்மா!" எடுத்தாள். "போச்சும்மா!" தொண்டை கட்டிப்போய்க் கோதண்டராமன் தண்ணீர் குடிக்கப் போனார்.

மிஷின் பாதத்தில் திருகாணி கழன்றால் துணி என்ன பாடுபடும் என்று அறிந்தவள் அவள். துவைக்கப் போட்ட வரதன் சட்டைப் பையைத் துழாவினாள். கார்டைப் பிடிக்கிற திருகாணி அங்கே இருந்தது. முதல் தடவையும் அவன் அதைப் போடவில்லை, மாற்றினபோதும் போடவில்லை.

உடனே போட்டுவிட்டாளா? அதுதான் இல்லை. கரண்ட் போய் வந்தால்கூட 'நான் ஈ.பி.க்கு போன் பண்ணேன்ல' என்று சொல்கிற மனுஷனிடம் சும்மா சரி பண்ணிக் கொடுப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை பகல் கோதண்டராமனையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

"நான் சரி பண்ணா சன்னல் எனுக்கு. சம்மதமா?"

வரதன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீயா? சன்னல் இன்னா, வூடே உனுக்குத்தான்!"

"வூடு ஏற்கெனவே என்துதான். சன்னல் போதும். நீங்க பண்ண வேண்டியது எதுனா பாக்கி கீதா?"

"ஒண்ணும் பாக்கி இல்ல."

"அப்ப நோட்டுல எழுதுங்க. 'எல்லாம் பண்ணிட்டேன், சரியாவல'ன்னு. கையெழுத்து போடுங்க."

போட்டான். அவள் பொட்டிக்குப் பின்னால் குனிந்து நாலு சுற்று சுற்றினாள். நிமிர்ந்தாள்.

"ஆறு மணி வரைக்கும் பாருங்க."

கோதண்டராமன் மாடிக்குத் திரும்பினார்.

காற்று கிளம்பியது. ஒயர் ஆடியது. வரதன் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினான்.

"சார், போச்சா?"

"போகலியேப்பா!"

"நல்லா பாருங்க சார். கொஞ்சமாவது போயிருக்கும்!"

"ஜோரா ஓடுது!"

நாலரை மணிக்கு அவனே சன்னல் வழியாகக் கையை விட்டு ஒயரைப் பிடித்து ஆட்டினான்.

"இன்னாங்க, காத்து பத்தலியா?" என்றாள் ரெபேக்காள் பின்னாலிருந்து.

ஆறு அடித்தது. பொட்டி இருந்த மேசையை நகர்த்தச் சொன்னாள். வரதன் மார்பை நிமிர்த்தினான்.

"சன்னல் உன்துதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஓடற சர்வரை நிறுத்தக் கூடாது, ரெபேக்கா. கம்பெனியிலயே அதான் சட்டம். என்னிக்கு அதுவா போவுதோ, அன்னிக்கு நானே தூக்கறேன்."

"போச்சுன்னா தூக்குவீங்க?"

"சத்தியமா!"

"சார், கேட்டுக்கினீங்களா?"

"கேட்டேம்மா!" என்றார் மாடியிலிருந்து கோதண்டராமன்.

ரெபேக்காள் பொட்டிக்குப் பின்னால் குனிந்தாள். நாலு சுற்று, இந்தத் தடவை மறுபக்கமாக. கடற்காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

"போச்சும்மா!"

திருகாணியை முந்தானையில் முடிந்துகொண்டு, மேசையின் ஒரு முனையை அவள் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்க."