மாமாவுக்குப் போர்த்திய பொன்னாடை

ஓர் உண்மையை முகத்துக்கு நேரே சொல்வதைவிட, கூடாரம் போட்டு, மைக் செட் கொண்டுவந்து, மாலை வாங்கி வைப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். அந்த இனத்துக்கே தலைவனாக இருக்கும் தகுதி எனக்கு இருந்த காலத்தில் நடந்தது இது.

அப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர் வேலை. வாரக்கடைசியில் என் ஊரான புக்கிட் ரோத்தானுக்கு வந்தால் நாலாங்கட்டை காற்பந்துக் குழுவின் மேனேஜர். (நாலாங்கட்டைத் தோட்டம் போய் அந்த இடத்தில் வரிசை வீடுகளோடு ஒரு தாமான் வந்துவிட்டது. குழு மட்டும் இன்னும் நாலாங்கட்டைதான்.) மேனேஜர் என்றால் மலைத்துப்போக வேண்டாம். ஐஸ் தண்ணீர் வாங்க வேண்டும், ஜெர்சி துவைக்க வேண்டும், தோற்றால் திட்டு வாங்க வேண்டும்.

குழுவின் நட்சத்திரம் சேகர் மாமா, என் அக்காவின் கணவர். செம்பனைக் காய் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பத்தாம் நம்பர் ஜெர்சி அவருடையது. ஃப்ரீ கிக், கார்னர், பெனால்டி எல்லாம் அவர்தான் அடிப்பார். ஒரு காலத்தில் அவர் காலுக்குப் பந்து வராமல் எங்களுக்கு கோல் விழாது. நான் சொல்லும் காலத்தில் வந்தாலும் விழவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்குவார். தீபாவளிக் கிண்ணப் போட்டியில் வருடா வருடம் சுங்கை புரோங் ஊர்ப் பையன்களிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தோம். அவர்கள் நெல் வயல் வரப்பில் ஓடி வளர்ந்தவர்கள். நாங்கள் மாமாவுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பும்வரை காத்திருந்து வளர்ந்தவர்கள்.

அந்தச் சமயத்தில் அமெரிக்கக் காற்பந்து பற்றி ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தேன். அங்கே குவாட்டர்பேக் என்று ஓர் ஆட்டக்காரர், மொத்தக் குழுவுக்கும் மூளை மாதிரி. அவருக்கு வயதாகும்போதே நிர்வாகம் ஒரு வாரிசைத் தேர்ந்தெடுத்து உள்ளே கொண்டுவந்துவிடுமாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைத்தானே நாலாங்கட்டையும் செய்ய வேண்டும்! (அந்த வாரிசு விஷயத்தைப் பெரியவரிடம் யார் சொல்கிறார்கள் என்று அந்த வீடியோவில் இல்லை. நானும் யோசிக்கவில்லை.)

ரவாங் ஃபுட்சால் மைதானத்தில் வாரிசு கிடைத்தான். பெயர் தர்ஷன். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு ஓடியது. ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தே கரைத்தேன். கடைசியில், "பத்தாம் நம்பர் ஜெர்சி எனக்குன்னா வர்றேன் ப்ரோ" என்றான். சரி என்றேன். சொல்லிவிட்டு வந்தபிறகுதான் அந்த ஜெர்சி யார் உடம்பில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

"மாமாகிட்ட யாரு சொல்றது?" என்று கேப்டன் குமரனிடம் கேட்டேன்.

"ஒன் மாமாதானே? நீயே சொல்லுலா. நா சொன்னா லோரிய ஏத்திருவாரு."

என் கவலை லோரி இல்லை. அப்பா போனபிறகு என்னை மோட்டார் ஓட்டப் பழக்கி, வேலையில் சேர்த்துவிட்டவர் மாமா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அக்கா வீட்டில்தான். கிண்ணம் கிடைக்காவிட்டால் போகிறது, அவர் முகம் சுருங்கிவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

அப்போதுதான் அந்த அற்புத யோசனை உதித்தது. எங்கள் பக்கத்தில் கோயில் தலைவரையோ பெற்றோர் சங்கத் தலைவரையோ நகர்த்த வேண்டுமென்றால் வாயைத் திறந்து யாரும் சொல்வதில்லை. மேடையில் ஏற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நாலு பேர் புகழ்ந்து பேசிவிடுவார்கள். போர்த்திக்கொண்டவர் புரிந்துகொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மாமாவுக்கும் அதையே செய்தால் போயிற்று!

தீபாவளிக் கிண்ண ஆட்டத்தன்று திடல் ஓரத்தில் கோயில் கூடாரத்தைப் போட்டோம். அக்கா பட்டுச் சேலையில் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தாள். நான் மைக்கைப் பிடித்து மாமாவின் சாதனைகளை அடுக்கினேன். பேச்சில் அவர் பிரேசிலுக்கு ஆடாதது ஒன்றுதான் பாக்கி. குமரன் பொன்னாடை போர்த்தினான். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"தம்பிங்களா, உண்மையச் சொல்றேன். முட்டி வலி தாங்கல. இதோட போதும்னு நெனச்சிக்கிட்டுத்தான் வந்தேன்."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா நீங்க காட்டுற இந்தப் பாசத்தப் பாத்தபெறகு எப்படிலா விட்டுட்டுப் போறது? இன்னும் அஞ்சு வருஷம் ஆடுறேன்!"

கூடாரமே கை தட்டியது. தட்டியவர்களில் நானும் ஒருவன். (கை அதுவாகவே தட்டிவிட்டது, நான் என்ன செய்வேன்.) தட்டாதவன் ஒருவன்தான். பத்தாம் நம்பர் ஜெர்சியோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். மாமாவின் கண்ணும் அங்கேதான் போனது.

"இந்தத் தம்பி யாரு?"

பொய் சொல்லவும் ஒரு தகுதி வேண்டும். "உங்க ரசிகன் மாமா! ரவாங்லேர்ந்து உங்களப் பாக்கவே வந்திருக்கான். அதான் உங்க நம்பரப் போட்டிருக்கான்."

மாமா உருகிவிட்டார். தர்ஷனைக் கட்டிப்பிடித்து, "ஃபோட்டோ எடுலா" என்றார். அவன் வாயைத் திறக்கப் போனான், நான் அவன் காலை மிதித்தேன். நடுவர் வந்து ஒரு குழுவில் இரண்டு பத்தாம் நம்பர் ஆடக்கூடாது என்றார். "அவன் ரசிகன்தானே, உக்காந்து பாக்கட்டும்" என்று மாமா தன் பழைய ஜெர்சியை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று வாரம் கெஞ்சிக் கூட்டிவந்த வாரிசு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

பாசத்துக்குப் பதில் செய்தே தீர வேண்டும் என்ற வெறியில் மாமா யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே சுங்கை புரோங் மூன்று கோல் போட்டுவிட்டது. நான்காவதைப் பாய்ந்து தடுத்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிவந்து கூடாரத்தில் இறக்கினார்கள். தர்ஷன் எழுந்து காலணியை இறுக்கினான். அந்த வலியிலும் மாமா கத்தினார்:

"ரசிகன எறக்காதீங்கலா! பாவம், அடி கிடி பட்டுரும்!"

தர்ஷனின் பொறுமை அங்கே முடிந்தது. "அங்கிள், நா ரசிகன் இல்ல! உங்க எடத்துல ஆடத்தான் இவரு என்னக் கூட்டியாந்தாரு. பொன்னாடையே நீங்க ரிட்டையர் ஆகறதுக்குத்தான் அங்கிள்!"

மேசை மேல் இருந்த மைக்கை யாரும் நிறுத்தவில்லை. மொத்தத் திடலும் கேட்டது. தமிழ் தெரியாத சுங்கை புரோங் பையன்களுக்குக்கூட என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? என்னக் கண்டா ஒனக்கு அவ்வளவு பயமா?" என்றார். பிறகு தர்ஷனைப் பார்த்து, "போ தம்பி, ஆடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை நோகடிக்கக்கூடாது என்று ஊரைக் கூட்டியவன், ஊர் முன்னாலேயே அவரை நோகடித்துவிட்டேன்.

தர்ஷன் இரண்டு கோல் போட்டான். மாமா நாற்காலியில் இருந்தபடியே, "ரசிகா, வலது பக்கம் போ! ரசிகா, சுடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மூன்றுக்கு இரண்டில் தோற்றோம். இன்றுவரை ஊரில் அவன் பெயர் ரசிகன்தான். கல்யாணப் பத்திரிகையிலும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டியதாயிற்று.

அக்கா வீட்டுப் பக்கம் கொஞ்ச நாள் தலைகாட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே போன் செய்து, "ஆட்டெறச்சி எடுத்திருக்கு, வா" என்றார். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, என் தட்டில் அவரே சோறு வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

"தம்பி, அடுத்த வருஷத்துலேர்ந்து நீ மேனேஜர் இல்ல. ஒனக்கு அது சரிப்படல. குமரன் பாத்துக்குவான்," என்றவர், கரண்டியைத் தூக்கி, "கொழம்பு ஊத்தவா?" என்றார்.

"ஊத்துங்க மாமா," என்றேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் குழம்பு நன்றாக இருந்தது, சாப்பிட்டேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் கசப்பான செய்தி எதுவானாலும் இப்படித்தான் வரும். "நா டாக்டருக்குப் படிக்கல மா. கொழம்பு ஊத்தவா?" என்றாள் அக்கா மகள். "வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றாரு, கொழம்பு ஊத்தவா?" என்றான் குமரன். (அவன் எங்கள் குடும்பமே இல்லை.)

போன வாரம் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, பத்து வயது குறைந்த நினைப்பில் சாப்பாட்டு மேசைக்கு வந்து, "எப்படி இருக்கு?" என்றேன். என் மனைவி மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.