அக்கா வீட்டு லாச்சிப் படிகள்

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிரயோக கணிதம் படிப்பிக்கிறேன். திருப்பம், சமநிலை, மறுதாக்கம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் என் வாழ்நாளில் நான் கட்டிய ஒரேயொரு மாடிப்படி ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இதை என் மாணவர்களுக்கு நானாகச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. வகுப்பில் சேர வரும்போதே வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அக்காவின் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், அத்தான் ஜேர்மனியில். மேலே ஓர் அறையும் மொட்டைமாடியும் எழும்பிய கையோடு, சண்டையைக் காட்டி அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை வந்துவிட்டது. சீமெந்தும் இல்லை, கம்பியும் இல்லை. மாடி இருந்தது, படி இல்லை. ஏணி வைத்து ஏறுவோம். சமைக்கிற குசினியின் நிலைமை அதைவிட மோசம். சுவர் நின்றது, ஓடும் வாங்கி அடுக்கியாயிற்று, கூரைக்கு மரம் மட்டும் இல்லை. அக்கா தென்னோலைக் கிடுகால் மேய்ந்து சமாளித்தாள். கடைசியில் வீட்டு வளவில் நின்ற பெரிய வேம்பைத் தறிப்பித்து, நீள நீளமாக அரிந்து, மாமரத்தின் கீழே காய வைத்தாள். ஒரு கோடை காய்ந்தால் அடுத்த மாரிக்கு முன் ஓடு போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. (எங்கள் குடும்பத்தில் அந்த வருடம் யாராவது சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.)

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பல்கலைக்கழகத்தை முடித்து வந்த சூடு ஆறவில்லை. அந்த மாடி அறையில் உயர்தர வகுப்பு நடத்தப்போகிறேன் என்றேன். அக்கா மறுப்பே சொல்லவில்லை. படிக்க வருகிற பெடியள் வீட்டுக்குள்ளால் போய் வராமல் வெளிப்பக்கமாக ஒரு படி இருந்தால் போதும் என்றாள். ஊர் மேசனிடம் சொல்லியிருந்தால் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசி இரண்டு கிழமையில் கட்டித் தந்திருப்பார். பார்க்க லட்சணமாக இருந்திராது, ஆனால் இன்றைக்கும் நின்றிருக்கும்.

நான் மேசனைக் கேட்கவில்லை, கலண்டரைப் பார்த்தேன். அத்தான் அனுப்பிய ஜேர்மன் கலண்டரில் ஒக்ரோபர் மாதத்துக்கு ஒரு வீட்டுப் படம். அதன் வெளிச்சுவரில் இருந்து பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டு நின்றன. கீழே முண்டு இல்லை, பக்கத்தில் கைபிடி இல்லை. அந்தரத்தில் மிதக்கிற படி. அதைக் கண்டபின் வேறு எந்தப் படியும் எனக்குப் படியாகத் தெரியவில்லை. ஒரு கொப்பி முழுக்கக் கணக்குப் போட்டேன். சுவருக்குள் ஓரடி, வெளியே மூன்றடி, மொத்தம் பதின்மூன்று படி. எல்லாம் அச்சொட்டாக வந்தது. மரம்தான் இல்லை.

அக்காவிடம் அந்த வேம்பைக் கேட்டேன். அவள் மாமரத்தடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப குசினிக்கு?"

வகுப்புத் தொடங்கினதும் முதல் வேலையாக வேறு மரம் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். "சரி, எடு" என்றாள். தம்பி ஆசைப்படுகிறான் என்பதற்கு மேல் அவளிடம் வேறு நியாயம் இருந்திருக்காது.

தச்சுவேலைக்கு வந்தவர் பக்கத்து ஒழுங்கைக் கந்தையா அண்ணை. வந்ததும் மரத்தில் நகத்தை ஊன்றிப் பார்த்தார்.

"தம்பி, உது இன்னும் பச்சை. மாரியிலை இறுக்கமாத்தான் நிக்கும். கோடையிலை சுருங்கேக்கை என்ன செய்யப்போறியள்?"

நான் அவருக்குத் திருப்பம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன், அரை மணித்தியாலம். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓம், நீங்கள் படிச்சனீங்கள்" என்று வாளைக் கையில் எடுத்தார். நீள மரங்கள் நாலடித் துண்டுகளாக விழத் தொடங்கியதும் அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

கார்த்திகை மழைக்குள்ளேயே சுவரில் துளையிட்டு, துண்டுகளை அடித்து இறுக்கி, சுற்றிவரச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். நான் ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று துள்ளிக் காட்டினேன். இனி என்னத்துக்கு என்று ஏணியையும் கந்தையா அண்ணைக்கே கொடுத்துவிட்டேன். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். தையில் வகுப்புத் தொடங்கியபோது முப்பது பெடியள் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் படிப்பதற்கு வந்தார்களா படியைப் பார்ப்பதற்கு வந்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. படிக்கும் படிக்கும் இடையில் திறப்பு. கீழே பெடியள் நிற்கும்போது சேலை கட்டிய எந்தப் பெண் ஏறுவாள்? (கலண்டரில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.) ஆகவே அக்கா, பெடியள் எல்லாரும் மேலே ஏறி வகுப்புத் தொடங்கிய பிறகுதான் மொட்டைமாடிக்கு வருவாள்.

வைகாசியில் சோளகக் காற்று வீசத் தொடங்கியது. மண், கிணறு, மரம் எல்லாம் வறண்டன. ஒரு பெடியன் எழும்பி, "சேர், ஆறாம் படி ஆடுது" என்றான். நான் கரும்பலகையில் படம் கீறி, அது ஆட முடியாது என்று நிறுவினேன். அவனும் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

அடுத்த கிழமை சமநிலை படிப்பித்துக்கொண்டிருந்தேன். (சத்தியமாகத்தான் சொல்கிறேன்.) வெளியே தடதடவென்று சத்தம் கேட்டு ஓடிப்போய் விளிம்பில் நின்று பார்த்தேன். கீழே அக்கா முழங்கையைப் பிடித்தபடி கிடந்தாள். சுளகு ஒரு பக்கம், காயப்போடக் கொண்டுவந்த மிளகாய் முற்றமெல்லாம். ஆறாம் படி சுவரைவிட்டுக் கழன்று, கீழே இருந்த மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. சுளகைப் பிடித்ததில் அவளுக்கு ஒரு கையும் மிச்சமில்லை. பிடிப்பதற்கு நான் கைபிடியும் வைக்கவில்லை.

நான் மேற்படியில் காலை வைக்கப்போனேன்.

"இறங்காதை. மற்றதுகளும் கழரும்" என்றாள் அக்கா, கிடந்தபடியே.

ஏணி கந்தையா அண்ணை வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் அவரைக் கூட்டிவரக் கால் மணித்தியாலம் ஆனது. அந்தக் கால் மணித்தியாலமும் அக்கா கீழே, நான் மேலே, என் முதுகுக்குப் பின்னால் முப்பது பெடியள். ஒருவனும் சிரிக்கவில்லை. கந்தையா அண்ணை வந்து ஏணியைச் சாத்தி, அதன் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நன்றாக ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பெற்றோல் இல்லாத காலம். அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு உழக்கினேன். வழி முழுக்க அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள், பெடியள் எல்லாரும் பத்திரமாக இறங்கிவிட்டார்களா என்று. ஆஸ்பத்திரியில் தாதி, படியில் வழுக்கியதா என்று விசாரித்தாள்.

"இல்லைப் பிள்ளை, படியும் நானும் ஒண்டாத்தான் வந்தனாங்கள்."

தாதி சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. எலும்பு பொருந்தியது, ஆனால் அந்தக் கை இன்றைக்கும் முழுதாக நீளாது.

மறுநாள் மிச்சப் படிகளைக் கழற்றினேன். சுத்தியலே தேவைப்படவில்லை. ஒரு கையால் இழுக்க, அலுமாரி இழுப்பறை, அதுதான் எங்கள் ஊர் லாச்சி, மாதிரி ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து எனக்கு லாச்சிச் சேர் என்று பெயர். வகுப்பு மாமரத்தடிக்கு இறங்கியது, வேம்பு காயக் கிடந்த அதே இடத்துக்கு. நாலடித் துண்டுகளை வைத்துக் கூரை போட முடியாது. வேறு மரம் எடுத்துத் தருகிறேன் என்ற வாக்கையும் நான் காப்பாற்றவில்லை. முதலில் மரம் கிடைக்கவில்லை, பிறகு நான் தேடவும் இல்லை. மூன்று மாரி அந்த ஒழுகுகிற கிடுகுக்குக் கீழே, நீளாத கையோடு சமைத்தாள். அடுப்பில் எரிந்தது என்னுடைய படிகள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு இடம்பெயர்ந்த ஊரோடு நாங்களும் வெளிக்கிட்டபோது, வாங்கிய ஓடுகள் சுவரோரம் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன.

அக்கா இப்போது ஜேர்மனியில். வீட்டுக்கு வருகிற யாராவது அந்தக் கைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், குசினி அலுமாரியில் ஒரு லாச்சியைக் கடைசிவரை இழுத்துக் காட்டுவாள்.

"இதுதான் எங்கடை தம்பி கட்டின படி. அவன்ரை கணக்கெல்லாம் சரி. மரத்துக்குத்தான் விளங்கேல்லை."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா மகளின் கலியாணத்துக்கு அங்கே போயிருந்தபோது நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். யாரோ ஒருவர், அந்தத் தடைக் காலத்தில் இவ்வளவு மரத்துக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார். என் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா லாச்சியை மெல்ல உள்ளே தள்ளி மூடினாள்.

"அது சும்மா வளவுக்குள்ளை கிடந்த மரம்" என்றாள்.