பூக்குழிக்கு நேர்ந்த கால்

ரோகிணி விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. முழுப்பூண்டு பல் பல்லாக உதிரும். நல்ல பல் முறத்துக்கு, சொத்தை ஓரத்துக்கு. கையிலிருந்த மணி வைத்த கவரிங் வளையல் அவளோடு சேர்ந்து வேலை செய்கிற மாதிரி கிலுகிலுத்தது. ஏரிப்பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் வாசலில் நின்றது.

உள்ளே வந்தது பனியில்லை, அவள் புருஷன் சேனாதிபதி.

"முடிவு பண்ணிட்டேன் புள்ள. இந்த வருசம் மாரியாத்தாளுக்குப் பூக்குழி எறங்குறேன். சாயந்தரம் காப்புக் கட்டு."

பேர்தான் சேனாதிபதி. அவருக்கு வாய்த்த படை ரோகிணியும் மகள் பிரியாக்குட்டியும். அதில் ஒன்று இன்னும் தவழ்கிறது.

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருசமாகிறது. போன வருசமெல்லாம் கால் எரிச்சல். மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரியுதே என்று, கூக்கால் மலைக் குளிரிலும் காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பார். ஆத்தா, எரிச்சலை எடுத்துரு, பூக்குழி எறங்குறேன் என்று வேண்டிக்கொண்டார். எரிச்சல் நின்றது. கூடவே மற்றதும் நின்றது. முந்தாநாள் குதிகாலில் தைத்த முள்ளோடு தோட்டத்திலிருந்து நடந்து வந்து, தரையில் ரத்தத்தைப் பார்த்து, "எந்த ஆட்டுக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டவரும் அவர்தான்.

"எரிச்சல் நின்னா கொணமாயிருச்சுன்னு இல்லீங்க. நரம்பு செத்துப்போனாலும் நிக்குமாம். நர்ஸ் தமயந்தி அக்கா சொல்லுச்சு."

"மரத்துப்போனா நல்லதுதான? நெருப்பு சுடாதுல்ல!"

"சுடுறது சுடும்ங்க. சுட்டது உங்களுக்குத் தெரியாது, அம்புட்டுதான். புண்ணு ஆறாமக் காலையே எடுக்கும்படி ஆயிரும்."

"ஆத்தா பாத்துக்குவா."

ரோகிணிக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. கோயிலடியில் ஆம்பளைகள் முன்னால் போய், இவருக்குக் காப்புக் கட்டாதீங்க என்று சொல்வதை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் காப்பு ஏறிவிட்டால் பிறகு பேச்சே இல்லை. கால் நெருப்புக்குத்தான்.

"சரிங்க. தமயந்தி அக்கா ஒரு சோதனை சொல்லிக் குடுத்திருக்கு. கண்ணக் கட்டிக்கணும். பஞ்சால தொடுவேன். எடது காலா, வலது காலான்னு சொல்லணும். சரியாச் சொல்லிட்டீங்கன்னா நானே கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தி அனுப்புறேன்."

"தப்பிப் போச்சுன்னா?"

"வெள்ளித் தகட்டுல கால் உரு வாங்கி ஆத்தாளுக்குப் போட்டுருவோம். வேண்டுதலும் தீரும், காலும் இருக்கும்."

"அதுக்கு வேலையே வராது!" துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து காலை நீட்டினார்.

கிலுக்.

"எடது!"

கிலுக்.

"வலது! அட, மறுபடியும் வலது!"

ஒன்றுகூடத் தப்பவில்லை. பஞ்சு பட்டது அவருக்கு ஒரு துளியும் தெரியாது. வளையல் எந்தப் பக்கம் பேசியதோ அந்தக் கால். தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

ரோகிணி குழம்பிப்போனாள். அப்படியென்றால் அந்த முள்? யோசித்தபடி இடப்பக்கம் குனிந்து பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள்.

"எடது!" என்றார் சேனாதிபதி.

அவள் பஞ்சைப் பார்த்தாள். வளையலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை முழுங்கினாள்.

"நல்லாத்தான் சொல்றீங்க. இன்னொரு தரம் பாத்துருவோம். கட்ட அவுக்காதீங்க."

"நூறு தரம் பாரு!"

முந்தானைக்குள் கையை விட்டு, சத்தமில்லாமல் வளையலைக் கழற்றிப் பிரியாக்குட்டியிடம் கொடுத்தாள். பிள்ளை கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஆட்டியது.

"எடது!"

கட்டிலுக்கடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய் ஆட்டியது.

"வலது!"

பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது.

"பாத்தியா, அப்பன் தெறமையப் பாத்துப் புள்ளையே சிரிக்குது!"

பிள்ளைக்கு விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. அங்கேயும் இங்கேயும் ஓயாமல் ஆட்டியது.

"எடது, வலது, எடது, எடது! என்ன புள்ள, பஞ்ச வச்சு அடிக்கிறியா? கொஞ்சம் மெதுவாத் தொடு, கூசுதுல்ல!"

"கூசுதா? அப்ப போதும்ங்க. கட்ட அவுத்துருங்க."

ஜெயித்த முகத்தோடு துண்டை இறக்கினார். ரோகிணியின் கை மொட்டையாக இருந்தது. வளையல் கட்டிலுக்கடியில் பிள்ளையிடம் இருந்தது. தன் காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் விரலுக்கு விரல் இடுக்கில், பாத்தியில் ஊன்றினதுபோல வரிசையாகப் பூண்டுப் பல் நின்றது.

"இத எப்ப வச்ச?"

"நீங்க எடது வலதுன்னு பரேடு நடத்துனீங்கல்ல, அப்ப."

மெல்ல விரலை அசைத்தார். ஒரு பல் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் காதுக்குக் கேட்டது. கால் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பெருவிரலைக் கிள்ளிப் பார்த்தார்.

"நெசமாவே செத்துத்தான் போச்சா புள்ள?"

"போனத விடுங்க. இருக்குற காலக் காப்பாத்துவோம். நாளைக்கு வெள்ளனே ஆஸ்பத்திரி. இனிமே வீட்டுக்குள்ளயும் செருப்பு. போடுமுன்ன உதறிப் பாக்கணும். தெனமும் சாயந்தரம் உள்ளங்கால எங்கிட்டக் காட்டணும். மாத்திரைய எங் கண்ணு முன்னாடிதான் முழுங்கணும்."

சேனாதிபதி படை கலைந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளி உரு... ஒரு கால் போதுமா, ரெண்டும் வாங்கணுமா?"

"ரெண்டுந்தான். ரெண்டுந்தான பொய் சொல்லுச்சு?"

"ஏ ரோகிணி!" பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி வெளியே நின்று கத்தினாள். "கொழாயில தண்ணி வந்துருச்சு, வெரசா வா!"

"இந்தா வந்துட்டேன்க்கா!" ரோகிணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கியவள், திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, கால்ல இருக்குற பூண்ட வீணாக்கிறாதீங்க. எடுத்துக் கழுவி வைங்க, ராத்திரி உங்களுக்கு வைக்கிற ரசத்துல அதைத்தான் தட்டிப் போடப்போறேன்!"