ஏரிக்கரைக்கு ஒரு கிரில்

“இது அடுப்பாங்க, இல்லை டிபன் பாக்ஸா?”

மனைவி இப்படிக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக்கின் முகத்தில் இருந்த வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் புத்தம்புதுக் கரி கிரில்லை வைத்திருந்தார். மடித்தால் கைப்பையில் அடங்கும். விரித்தாலும் ஏறக்குறைய கைப்பையில் அடங்கும். அங்கேதான் வந்தது சிக்கல்.

“தூக்கிப் பாரு, இறகு மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும். நாம மூணு பேரு, அவங்க நாலு பேரு. இதுல ஒரு நேரத்துக்கு நாலு துண்டு கோழிதான் வைக்க முடியும். மிச்ச மூணு பேரும் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதா?”

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சம்பந்தி குடும்பத்தோடு கேம்பிங். அங்கே வைத்துத்தான் மகளின் கல்யாணத் தேதியைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. போன வாரம் சம்பந்தி போனில், “எங்களுக்கெல்லாம் கூடாரம்தான் ரெண்டாவது வீடு. உங்களுக்கு எப்படி?” என்று கேட்டார். பேச்சுவாக்கில் மெக்கானிக்கின் வாய் முந்திக்கொண்டது.

“நாங்களும் அப்படித்தான் சம்பந்தி! கிரில் என் பொறுப்பு. என் கைப்பக்குவத்தை நீங்க பாக்கணும்!”

போனை வைத்த பிறகுதான், தான் வாழ்நாளில் ஒரு ராத்திரிகூடக் கூடாரத்தில் படுத்ததில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஊர் ஜனங்களை மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருந்தாரே தவிர, அவர் எங்கேயும் போனதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தைவிட அவருக்கு உற்சாகம்தான் அதிகம். வேலை நேரத்தில் லிஃப்டின் மேல் உட்கார்ந்து கம்பியில் கிரீஸ் தடவும்போதுகூட, கோழித் துண்டுகள் சுர்ரென்று புரளும் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கி வந்தார். பீப்பாய் மாதிரி உடம்பு, குடை மாதிரி மூடி, இரண்டு சக்கரம். வாசல் வழியாக நுழையவே அது மூன்று முறை யோசித்தது.

“இப்ப என்ன சொல்றே? ஒரே நேரத்துல முப்பது துண்டு!”

மனைவி சுற்றி வந்து பார்த்தாள். “அடுப்பு சரி. கார்ல எங்க வைக்கிறது?”

மூவரும் கீழே போய்ப் பார்த்தார்கள். டிக்கியில் நுழையவில்லை. பின் சீட்டில் வைத்ததும் அது ராஜா மாதிரி கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

“அப்பா, அப்ப நான் எங்க உக்கார்றது?” என்றாள் மகள்.

“மடியில வெச்சுக்கயேன்மா.”

“நான் அதை வெச்சுக்கிறதா, அது என்னை வெச்சுக்கிறதாப்பா?”

வியாழக்கிழமை கடையில் இருந்த விற்பனைப் பெண் இவரைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பீப்பாய் திரும்பிப் போய், கேஸில் எரிகிற மேஜை கிரில் வந்தது. கரியும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். பட்டனைத் திருகினால் போதும்.

“இன்னிக்கே ஒத்திகை பாத்துடலாம்” என்று அதைப் பால்கனியில் வைத்தார். பட்டனைத் திருகினார். நீலச் சுடர் அழகாக எழுந்தது. மகள் கை தட்டினாள். அடுத்த காற்றில் சுடர் அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது.

“ஏரிக்கரையில இதைவிடக் காத்து அடிக்கும்” என்றாள் மனைவி.

“அதுக்கென்ன, மறைப்பு கட்டிட்டாப் போச்சு!”

கிரில் வந்த அட்டைப்பெட்டியையே வெட்டி மூன்று பக்கமும் நிறுத்தினார். சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. கோழித் துண்டுகள் சிவந்தன. வாசனை வந்தது. மெக்கானிக் இடுக்கியைத் தூக்கி, “சம்பந்தி, தட்டை நீட்டுங்க!” என்று ஒத்திகை வசனமும் பேசினார். அப்போதுதான் அட்டை பற்றிக்கொண்டது.

“ஐயோ, நெருப்பு!” என்று மகள் கத்தி முடிப்பதற்குள், மேல்வீட்டு டீச்சர் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. கிரில் நனைந்தது. கோழி மிதந்தது. மெக்கானிக் இடுக்கியும் கையுமாகச் சொட்டச் சொட்ட நின்றார்.

“எல்லாரும் சௌக்கியம்தானே?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“சௌக்கியம்தான் டீச்சர். குளிச்சும் ஆச்சு.”

வெள்ளிக்கிழமை நெருப்பே இல்லாத மின்சார கிரில் வந்தது. புகையும் இல்லை, சுடரும் இல்லை. “இதுல யாரு என்ன குறை சொல்றாங்கன்னு பாக்கிறேன்” என்று மெக்கானிக் நிமிர்ந்து நின்றார்.

மனைவி ஒயரைக் கையில் எடுத்து, அதன் நுனியை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். “ஏரிக்கரையில இதை எதுல சொருகுவீங்க? மரத்துலயா?”

சனிக்கிழமை கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார்.

“சார், இன்னிக்கு நீங்க எதையும் தொடாதீங்க” என்றாள் அந்தப் பெண். “நான் கேக்கிறதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க. எத்தனை பேரு? கார் எவ்வளவு பெருசு? காத்து அடிக்கிற இடமா? உங்களுக்குக் கரி மூட்டிப் பழக்கம் உண்டா?”

கடைசிக் கேள்விக்கு அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஸ்விட்ச் போட்டுத்தாம்மா பழக்கம்.”

அவள் சிரிக்கவில்லை. சூட்கேஸ் மாதிரி மடிகிற ஒரு கரி கிரில்லை எடுத்துவந்தாள். ஏழு பேருக்குத் தாராளமான தட்டு, காற்றைத் தடுக்கும் பக்கச் சுவர், அடியில் காற்று போக இழுத்துத் திறக்கும் ஜன்னல். கடையின் பின்கட்டில் வைத்து, கரியைக் கோபுரமாக அடுக்கவும், சாம்பல் பூக்கும்வரை பொறுக்கவும், ஜன்னலைத் திறந்து மூடிச் சூட்டைக் கூட்டிக் குறைக்கவும் சொல்லிக் கொடுத்தாள். அவர் சுட்ட முதல் சோளக்கதிரை அவளே தின்று பார்த்தாள்.

“பாஸ் சார்!”

மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து கிரில்லைத் துடைத்தார். ஒரு ஸ்குரூ லேசாக ஆடுவது போலத் தெரிந்தது. லிஃப்டில் ஒரு ஸ்குரூ தளர்ந்தால் உயிர் போய்விடும். ஸ்பானரை எடுத்து எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்றும் இறுக்கினார்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் சம்பந்தியைக் கண்டதும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. அகல விளிம்புத் தொப்பி, பதினாலு பாக்கெட் வைத்த கோட்டு, கழுத்தில் விசில். பின்னால் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கூடாரம் விறைப்பாக நின்றது.

“வாங்க சம்பந்தி! காத்து மேற்கேயிருந்து அடிக்குது, கவனிச்சீங்களா?” என்றார் அவர் கிழக்கே கை காட்டி.

அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மெக்கானிக் தலையாட்டினார். கரியை அடுக்கினார், பற்றவைத்தார், கோழியைப் பரப்பினார். அடி ஜன்னலை இழுத்தார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இரண்டு சுற்று இறுக்கிய ஸ்குரூ இம்மியும் நகர விடவில்லை. காற்றில்லாமல் கரி செத்துப்போய்ப் புகையாகக் கக்கியது. முதலில் மாப்பிள்ளை மறைந்தார். பிறகு சம்பந்தியம்மா மறைந்தார்.

“புகைதான் ருசியே!” என்று சம்பந்தியின் குரல் மட்டும் இருமலுக்கு நடுவே கேட்டது. உதவுகிறேன் என்று அவர் குனிந்து ஓங்கி ஓர் ஊது ஊதினார். சாம்பல் முழுவதும் எழும்பி ஏழு பேர் தலையிலும் இறங்கியது.

புகை விலகியபோது தட்டில் ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் பச்சையுமாகக் கோழி கிடந்தது. மெக்கானிக் இடுக்கியைக் கீழே வைத்தார்.

“சம்பந்தி, மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் இதுக்கு முன்னாடி கேம்பிங் போனதே இல்லை. இந்த ஒரு வாரத்துல அஞ்சு கிரில் மாத்திட்டேன். உங்களுக்குச் சமமா நிக்கணும்னு ஒரு ஆசை. என் பொய்க்காக என் பொண்ணைத் தப்பா நினைச்சுடாதீங்க.”

மகளின் கண் கலங்கியது. அது புகையாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சம்பந்தி தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டார். ஏரிப் பக்கம் திரும்பி, கனத்த குரலில், “அனுபவம்னு ஒண்ணு இருக்கு சம்பந்தி. அதை வேஷம் கட்டிக் கொண்டுவர முடியாது” என்றார்.

அந்த நேரத்தில், ஏரிக்கரைச் சாமான் வாடகைக் கடைக்காரர் மேடேறி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஐயா, கூடாரத்தை நாளைக்கு மெதுவா நானே வந்து பிரிச்சுக்கிறேன். தொப்பி, கோட்டு, விசில் மூணையும் மட்டும் இப்பவே கழட்டிக் குடுத்துடுங்க. அடுத்த மாப்பிள்ளையோட அப்பா வந்து காத்துக்கிட்டிருக்காரு!”