சாம்பிள் அண்ணனும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

ஐரோப்பாக் கண்டத்தின் காற்று இன்றைக்கு மூச்சு விடும்படி இருக்கிறதென்றால், அதற்கு ராயபுரத்தில் குடியிருக்கும் சாம்பிள் அண்ணன் ஒருவர்தான் காரணம். அங்கே யாரிடம் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும். நான் கூடவே இருந்து பார்த்தவன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நகராமல் நிற்கும் ரோட்டை ஒட்டி எங்கள் கம்பெனி. குட்டிச் சரக்கு வண்டி செய்கிறார்கள். அதை ஐரோப்பாவில் விற்பதற்கு வண்டி நன்றாக ஓடினால் மட்டும் போதாது. முதலில் ஒரு மாதிரி வண்டியை அவர்கள் ஆள் முன்னால் ஓட்டி, புகையை அளந்து காட்டி, ஒப்புதல் வாங்க வேண்டும். அதோடு விடுவார்களா? அதற்குப் பிறகு தயாரிப்பு லைனில் வரும் ஒவ்வொரு வண்டியும் அந்த மாதிரியைப் போலவே இருந்தாக வேண்டும். என்றைக்காவது திடீரென்று வந்து, ஏதோ ஒரு வண்டியைக் காட்டி, "இதை ஓட்டு, பார்க்கலாம்" என்பார்கள்.

எங்கள் புகைச் சோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவர் சாம்பிள் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஐரோப்பாக்காரன் வண்டிக்குப் போட்ட அந்த விதியை, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்ப்பார். உட்காரவே மாட்டார். டீயையும் நடந்துகொண்டேதான் குடிப்பார். கூடத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் பன்னிரண்டு வருடமாக அவருடைய ஹெல்மெட்தான் உட்கார்ந்திருந்தது.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே தினமும் ஒரு வழக்கு நடக்கும்.

"மாஸ்டர், மொத பஜ்ஜில வாயக்கா தடியா இருந்துச்சு. மூணாவதுல எங்க போச்சு?"

"யோவ், பஜ்ஜின்னா அப்டி இப்டிதான்யா இருக்கும். துன்னுட்டுப் போயேன்."

"மொத பஜ்ஜி மாதிரி கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

பிற்பாடு அவர் ரோட்டைக் கடக்கும்போதே மாஸ்டர் பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த கேசரியில் முந்திரி இருந்ததாம். தலைதீபாவளிக்குப் போனபோது கேசரியில் முந்திரி இல்லை. சாம்பிள் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மாமனாரிடம் போய், "மாமா, அன்னிக்கு நான் ஓகே பண்ண கேசரி வேற, இன்னிக்கு சப்ளை ஆவுற கேசரி வேற" என்றிருக்கிறார். இதை என்னிடம் சொன்னது அண்ணிதான். அவரும் சும்மா இருக்கவில்லை. "நான் மட்டும் அன்னிக்குப் பாத்த மாதிரியே கீறேனா?" என்று கேட்டாராம். சாம்பிள் அண்ணன் அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நீ டாலரன்ஸுக்குள்ள கீற" என்றாராம். டாலரன்ஸ் என்பது, அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் இதுவரைக்கும் பரவாயில்லை என்று விட்டுவைக்கும் இடம். அண்ணி இரண்டு நாள் சோறு போடவில்லை.

இந்த மனிதரிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

நான் அப்போது அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். ஐரோப்பாவுக்கு அனுப்பும் காகிதங்களை நிரப்புவது என் வேலை. டயர் முதல் பல்பு வரை எல்லாவற்றையும் எழுத வேண்டும். காலடிப்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பர்மனென்ட் ஆர்டர் வரட்டும் தம்பி, பத்திரிகை அடிச்சுடலாம்." கம்பெனியோ, ஐரோப்பா ஒப்புதல் வந்தால் புது லைன், புது லைன் வந்தால் எங்கள் நாற்பது பேருக்கும் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தது. ஆக, என் கல்யாணம் ஒரு வண்டியின் புகைக்குழாயில் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நெட்டையான மனிதர், காதில் பென்சில். எது நடந்தாலும் அந்தப் பென்சிலை எடுத்து எழுதிக்கொள்வார். எங்கள் மேனேஜர் அவருக்காகவே ஒரு வண்டியை ஆறு மாதமாக உறை போட்டு மூடி வைத்திருந்தார். அதன் எஞ்சினைத் தேர்ந்த கைகள் தனியாகக் கோத்திருந்தன. நாங்கள் அதைச் சாமி வண்டி என்போம். உறையை எடுத்ததும் சாம்பிள் அண்ணன் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சார், இது லைன்ல வந்த வண்டியா, இல்ல மணவறைல குந்தப் போற மாப்ளயா?"

"யோவ், வாயை மூடிக்கிட்டு வண்டிய மெஷின்ல ஏத்துய்யா" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இத்தக் காட்டி ஓகே வாங்கிட்டு, நாளிக்கு வேற வண்டிய அனுப்புனா, அது முந்திரி இல்லாத கேசரி சார்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று யார்டுக்கு நடந்தார். வெயிலில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினார். கை எதன்மேல் பட்டதோ அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூரைமேல் காக்கா எச்சம். கண்ணாடி முழுக்கப் பக்கத்து அனல் மின்நிலையத்துச் சாம்பல். மேனேஜர் ஓடி வந்து வழியை மறித்தார்.

"ஃபெயிலாச்சுன்னா என்னய்யா பண்ணுவே?"

"ஆச்சுன்னா லைன சரி பண்ணுங்க சார்."

என்ன சொல்கிறார் இவர் என்று அதிகாரி கேட்டார். நான்தான் ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். அவர் பென்சிலை எடுத்து, காக்கா எச்ச வண்டியின் நம்பரைக் குறித்துக்கொண்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்த வண்டிக்குத்தான் சோதனை என்று ஆகிவிட்டது. சாம்பிள் அண்ணனை அப்படியே தூக்கி எண்ணூர் முகத்துவாரத்தில் போட்டுவிடலாமா என்றிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் கம்பெனிக்குச் சாம்பிராணி பாய் வருவார். கரித்தட்டும் மயிலிறகு விசிறியுமாகப் பெரிய சார் அறையில் தொடங்கி, மேனேஜர் அறை, ஸ்டோர்ஸ், கேன்டீன் என்று புகை காட்டிவிட்டு, கேட்டில் முடிப்பார். சோதனைக் கூடத்துக்குள் மட்டும் வரக்கூடாது என்பது சாம்பிள் அண்ணனின் உத்தரவு. அன்று காலை சாம்பிள் அண்ணன் பெட்ரோல் எடுக்க ஸ்டோர்ஸுக்குப் போயிருந்த நேரம். நான் பாயின் கையைப் பிடித்தேன்.

"பாய், உள்ள வண்டிய ஒரே ஒரு சுத்து."

"சாம்பிளு திட்டுவாரு நைனா."

"என் கல்யாணம் பாய்."

அவருக்கு மனசு இளகிவிட்டது. தட்டில் இன்னும் ஒரு பிடி சாம்பிராணியைப் போட்டு, வண்டியை ஒன்றுக்கு மூன்று தடவை சுற்றினார். முன்னால் காட்டினார், பின்னால் காட்டினார், காற்றை இழுக்கும் குழாய்க்கும் தனியாக ஒரு வீசு வீசினார். நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றேன். அந்த அறைக்குள் மிதக்கும் தூசைக்கூட எண்ணுகிற கருவி அங்கே இருக்கிறது என்பதை ஐந்து பக்கத்துக்கு எழுதி அனுப்பியவன் நான்தான்.

சோதனை முடிந்தது. வாயு எல்லாம் வரம்புக்குள். தூசுக் கணக்கு மட்டும் எங்கேயோ போய் நின்றது. மேனேஜர் குதித்தார்.

"காக்கா வண்டியக் கொண்டாந்து என் வேலைக்கு உலை வெச்சிட்டியேய்யா!"

சாம்பிள் அண்ணன் வண்டியைச் சுற்றி நடந்தார், மூக்கைத் தூக்கினார், மறுபடி நடந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு அளவெடுக்கச் சொன்னார். அப்போதும் தூசு குறையவில்லை. வெளிக்காற்று அசுத்தமோ என்று அதிகாரி சந்தேகப்பட்டார்.

"தொரயாண்ட சொல்லு நைனா. எண்ணூர் காத்து எனுக்குத் தெரியும். கரி, சாம்பல், மீனு, கெமிக்கலு. நம்ம வண்டி இயுக்குற காத்தவிட வுடற காத்து சுத்தமா கீது. அந்த நாலும் தெனம் கீறதுதான், ஃபில்ட்டர் பாத்துக்கும். இங்க அஞ்சாவதா ஒண்ணு கீது."

நடந்து நடந்து என் முன்னால் வந்து நின்றார். குனிந்து என் சட்டையை மோந்தார்.

"நைனா. பாய உள்ள வுட்டியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணா, என் பேரை மட்டும் எழுதாதீங்கண்ணா. கல்யாணம் நின்னுடும்."

"காரணம் எழுதாம டெஸ்ட்ட ரத்து பண்ண முடியாது. ரத்து பண்ணலன்னா வண்டி ஃபெயிலு. நாப்பது பேருக்கும் வேல இல்ல. எழுதுனா ஒர்த்தனுக்குத்தான் பேஜாரு. நீயே சொல்லு, எத்த எழுத?"

நான் வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட்டார், இனிஷியலோடு.

எழுதினால் மட்டும் போதாது, நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றார் அதிகாரி. கேட்டைத் தாண்டிப் போயிருந்த பாயை ஆள் அனுப்பித் திரும்பக் கூட்டி வந்தார்கள். அறையைக் காற்றாட விட்டு, கருவி அடங்கியதும், காலையில் செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னார்கள்.

"அதே மாதிரி போடணும் பாய்" என்றார் சாம்பிள் அண்ணன். "ஒரு கல்லு ஏறவும் கூடாது, கொறயவும் கூடாது."

"காலைல இவன் கல்யாணத்துக்கோசரம் மனசாரப் போட்டேன். இப்போ பயந்துகினு போடறேன். எப்டிப்பா அதே மாதிரி வரும்?"

சாம்பிள் அண்ணன் தலையைச் சொறிந்தார். பாய் மூன்று சுற்று சுற்றினார். எஞ்சின் அணைந்திருந்தும் தூசுக் கணக்கு காலையில் நின்ற இடத்துக்கே போய் நின்றது. அதிகாரி கரித்தட்டின் அகலத்தை அளந்தார், மயிலிறகை எண்ணினார், பாயின் நடை வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். எல்லாம் அறிக்கையில் ஏறியது. சனிக்கிழமை காலை, சுத்தமான அறையில், அதே காக்கா எச்ச வண்டி, எச்சத்தோடு ஓடி, எல்லா வரம்பிலும் பாஸாகிவிட்டது.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு ஆர்டர், எனக்கு மெமோ. நான் மேனேஜர் அறை வாசலில் நிற்கும்போது சாம்பிள் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"நைனாவ அனுப்புறது கரீட்டு சார். ஆனா, சாம்பிள்ள ஒரு தப்பு கீதுன்னா, லைன் பூரா அதே தப்பு கீதான்னு பாக்கணும் இல்ல? பாத்துட்டேன். கேன்டீன்ல சாம்பிராணி. ஸ்டோர்ஸ்ல சாம்பிராணி. உங்க ரூம்ல ஒரு சுத்து, பெரிய சார் ரூம்ல ரெண்டு சுத்து."

"அங்கல்லாம் போட்டா என்னய்யா? இவன் போட்டது டெஸ்ட் ரூம்ல."

"காத்துக்கு ரூம் இன்னா சார் தெரியும்? உங்க ஏசி குழாவும் எங்க ஏசி குழாவும் ஒண்ணுதான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உங்க சாம்பிராணி கொஞ்சம் என் கருவில வந்துகினுதான் கீது. சார்ட்டு கீது, காட்டட்டா? இவனுக்கு இன்னாவோ அதேதான் அல்லாருக்கும். பெரிய சாருக்கு மெமோவ நீங்களே குட்த்துடுங்க."

மேனேஜர் அந்தச் சார்ட்டைப் பார்த்தார், சாம்பிள் அண்ணனைப் பார்த்தார். என் மெமோ இழுப்பறைக்குள் போனது. போன மெமோ போனதுதான். கூடத்து வாசலில் 'உள்ளே சாம்பிராணி போடக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டினார்கள். அதன் போட்டோ ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஃபைலில் இன்றைக்கும் இருக்கிறது. நாற்பதாவது ஆர்டரும் வந்தது, பத்திரிகையும் அடித்தார்கள்.

கல்யாணத்தில் சாம்பிள் அண்ணன் நின்றுகொண்டே சாப்பிட்டார். கேசரியில் முந்திரியை எண்ணியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார். அதற்குத் திடீர்ச் சோதனை என்று பெயர். என் மனைவியிடம், "அன்னிக்கு ஓகே பண்ண மாதிரியே கீறானா? குடி, கிடி, பொய்யி?" என்று விசாரிப்பார். இல்லை என்றதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் ஒழுங்காக இருந்தேன் என்று சொன்னால், என் மனைவி அதை நம்புவாள்.

ரிட்டயர் ஆன பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார். இந்த வருடம் வரவில்லை. மாதங்கள் போகப் போக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன ஞாயிறு ராயபுரத்துக்குப் போனேன். சாம்பிள் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"முட்டி போச்சு நைனா" என்றார்.

வெளிச்சத்தில் போய் அவர் முன்னால் நின்றேன்.

"இந்த வருஷ டெஸ்ட் பாக்கி இருக்குண்ணா. நானே வந்துட்டேன்."

மேலும் கீழும் பார்த்தார். "திரும்பு" என்றார். திரும்பினேன். "நரை. தொப்ப. மூஞ்சில கவல." "டாலரன்ஸுக்குள்ளதான் கீற, போ" என்றார். உள்ளேயிருந்து அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்களும்தான்ணா" என்றேன்.

"அத்த நீ சொல்லாத. டெஸ்ட்டுன்னா பக்கத்துல நின்னு பாக்க சாட்சி வேணும்."

பஸ்ஸில் திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அவர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் எழுந்து நடந்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.