மணலில் ஒரு பொத்தான்

கை வாரி முடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

நீளம் தாண்டும் மணல் குழியின் ஓரத்தில், வாருகோலைப் பிடித்தபடி சின்னவள் நின்றிருந்தாள். எதிரே மணல், இஸ்திரி போட்ட துணி மாதிரி மட்டமாகக் கிடந்தது. சற்று முன்பு அங்கே பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. சர்வதேசத் தடகளப் போட்டியின் இறுதிச் சுற்றில், கடைசித் தாவலில், ஒரு வீராங்கனை வந்து விழுந்த பள்ளம். அதை இன்னும் யாரும் அளக்கவில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் சின்னதுதான். குதிப்பு, வெள்ளைக் கொடி, ஊசி, அப்புறம் வாருதல். ஊசி என்றால் தடத்தின் விளிம்பில் குத்தும் இரும்புக் கம்பி. அதுவரைக்கும்தான் தூரம். கொடி தூக்கியாகிவிட்டது. ஊசிதான் நடுவில் காணாமல் போயிருந்தது.

எல்லாம் வேடிக்கை பார்க்கும் புத்தியால் வந்தது. தாவிய பெண்ணுக்குக் குழிப்பக்கத்துத் தொண்டர்கள் வைத்திருந்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. இடுப்புக்குக் கீழேயே ஓர் ஆள் உயரம். மணலிலிருந்து எழும்போதெல்லாம் அவள் குனிந்து எதையோ முணுமுணுப்பாள். அது என்னவென்று தெரியாவிட்டால் சின்னவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. காதை நீட்டினாள். கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது.

சித்தியின் குரல் மண்டைக்குள் கேட்டது. தொண்டர்களுக்கெல்லாம் தலைவி அவள்தான். காலையில் அடையாள அட்டையை மாட்டிவிடும்போதே சொல்லியிருந்தாள்: "பதினாறு வயசுக்காரியை என் பொறுப்புல குழிக்குள்ள விடறேன். ஏதாவது சொதப்பினே, நான் உனக்குச் சித்தியும் இல்ல, நீ எனக்கு அக்கா மகளும் இல்ல."

நல்லவேளை, கம்பி குத்தவேண்டிய ஊசி மாமா பார்க்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி விழுந்த வேகத்தில் அவர் கண்ணாடியெல்லாம் மணல். அதைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் குதிகாலை அமுக்கினாள். பூனை நடந்த மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் அமுக்கினாள். இரண்டு பூனை நடந்த மாதிரி ஆனது. மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். வேறு வழி தெரியவில்லை. பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, வழுக்கிடுச்சு மாமா!"

"மணல்ல யாராச்சும் வழுக்குவாங்களா? எந்திரி, எந்திரி! தடம் அழிஞ்சிடப் போகுது!"

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அவர் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார்.

"யப்பா! என்னா பள்ளம்! யானை விழுந்தாப்ல இருக்கு."

விளிம்பில் ஊசியைக் குத்தினார். குழிக்கு அப்பால் முக்காலியில் நின்ற, ஊசி வரை தூரம் அளக்கும் பெட்டியைப் பார்த்து, "சரீ!" என்று நீட்டிக் குரல் கொடுத்தார்.

அறிவிப்புப் பலகையில் எண் விழுந்தது. போட்டியின் புதிய சாதனை. அரங்கமே எழுந்து நின்றது. சின்னவளுக்கு மட்டும் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்ததுதான் பிரச்சினை.

அவள் மெல்ல வாருகோலைத் தூக்கினாள்.

"தொடாதே!" என்று கத்திக்கொண்டே படம் எடுப்பவர் ஓடிவந்தார். "சாதனைத் தடம்மா அது!" கேமராவை மணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "இது என்ன, வட்டமா ரெண்டு? பொத்தான் மாதிரி இருக்கே?"

தொண்டர்களின் கால்சட்டைக்குப் பின்பக்கம் இரண்டு பை. பைக்கு ஒரு பொத்தான். ஒட்டகச்சிவிங்கியின் உடையில் பொத்தானே கிடையாது.

"சிப்பி சார்" என்றாள் சின்னவள்.

"குழிக்குள்ள ஏது சிப்பி?"

"கடல் மணலா இருக்கும் சார்."

"அடப்பாவமே, சிப்பி மேலயா அந்தப் பொண்ணு விழுந்துச்சு? குத்தியிருக்குமே! டாக்டர்! டாக்டர்!"

நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு கையசைத்துக்கொண்டிருந்த ஒட்டகச்சிவிங்கியை, நான்கு பேர் வந்து தூக்குப்படுக்கையில் குப்புறப் போட்டுக் கொண்டுபோனார்கள்.

இதற்கு மேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஊசி மாமாவை ஓரமாக இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இத்தனை வருஷமா ஊசி குத்தறேன். ஒரு தடவை தப்பினது இல்ல. கடைசியில உன் பின்பக்கத்துக்கா குத்தினேன்?"

"இப்ப என்ன மாமா பண்றது?"

"வாயைத் தைச்சுக்கோ. மெடல் கொடுத்து முடியட்டும்."

மெடல் மேடையின் படிக்கட்டுக்குக் கீழே, இரண்டாவதாக வந்த பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தக்கா அழறாங்க மாமா."

"நானும்தான் அழறேன். யாராச்சும் துண்டு கொடுத்தாங்களா?"

தங்கம் யாருடையது என்று தெரியாமல் ஒரு தங்கம் கொடுக்கப்படப் போகிறது. சின்னவளுக்கு அது பொறுக்கவில்லை. முதலுதவி அறைக்கு ஓடினாள். ஒட்டகச்சிவிங்கி குப்புறப் படுத்திருந்தாள்.

"சிப்பி எதுவும் இல்லையே..." என்று முனகியபடி, பெரிய இடுக்கி எடுத்துவர டாக்டர் உள்ளே போனார். சின்னவள் படுக்கைக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள்.

"அக்கா, அது நீங்க விழுந்த இடம் இல்ல. நான் உட்கார்ந்த இடம்."

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒட்டகச்சிவிங்கி எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப நான் நெஜமா எவ்வளவு தாண்டினேன்?"

"தெரியாதுக்கா. அழிச்சிட்டேன்."

"பறந்தேன்னு நெனச்சேனே."

"ஊசி குத்தலைன்னு நீங்களும் கவனிக்கலையா?"

"குதிச்சிட்டு நான் பலகையைத்தான் பாப்பேன். ஊசியை யாரு பார்த்தா?" அவள் செருப்பைத் தேடி மாட்டினாள். "வா, போய்ச் சொல்லிடலாம்."

"தங்கம் போயிடுமேக்கா."

"என் கால் தாண்டாததை நான் எப்படிக் கழுத்துல மாட்டிக்கறது? வா."

நீண்ட நடைவழியில் அவள் நொண்டிக்கொண்டே நடந்தாள். சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? மணல்கிட்ட என்ன பேசுவீங்க?"

"இப்பக் கேக்கற கேள்வியா இது?"

"இனிமே என்னை உள்ள விடமாட்டாங்கக்கா. அதான்."

ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "மணல்கிட்ட இல்லடி, முட்டிகிட்ட. 'இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்புறம் உன்னை விட்டுடறேன்'னு சொல்வேன். இன்னிக்கோட விட்டுட்டேன். இதுதான் என் கடைசிப் போட்டி."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று சின்னவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

முடிவுகள் அறிவிக்கும் அறையின் வாசலில் ஊசி மாமா நின்றிருந்தார். "உள்ள போகாதேம்மா, உன் கால்ல விழறேன்" என்று கும்பிட்டார். அறைக்குள் இருந்த சித்தி சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"குழியில வேலை முடிஞ்சா பஸ்ஸுக்குப் போகச் சொன்னேன்ல? இங்க என்ன வேலை உனக்கு?"

சின்னவள் மூச்சு விடாமல் சொன்னாள். வாருகோல், குதிகால், உட்கார்ந்தது, பொத்தான், சிப்பி, இடுக்கி, எல்லாம்.

சித்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது."

"தங்கத்தை ரெண்டாவதா வந்த பொண்ணுக்கே கொடுத்துடுங்க" என்றாள் ஒட்டகச்சிவிங்கி. "எனக்கு ஒண்ணும் வேணாம்."

மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பலகையில் எண் ஏற்றுவது அவள் வேலை. இவ்வளவு நேரமும் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், கையில் ஒட்டிய துகளைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நேராக வாசலுக்குப் போய், ஊசி மாமா எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று எட்டிப் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திரும்பி வந்து ரகசியக் குரலில் சொன்னாள்:

"இந்தக்கா மணல்ல விழுந்த நொடியே மேல மாட்டியிருக்கற கேமரா அளந்து இங்க அனுப்பிடுச்சு, பலகையில ஏறினதும் அதுதான், வெளிய முக்காலியில நிக்கறது வெறும் காலி டப்பா, மாமாகிட்ட மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."